ஆடையில் இல்லை குற்றம்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவர் வாய் திறந்து சொல்லாத பலவற்றை அவர் உடுத்தியிருக்கும் ஆடை சொல்லிவிடும் என்பது உண்மையே. கருப்பு அங்கியைக் கண்டால் வழக்கறிஞர் என்கிறோம். வெள்ளைக் கோட்டைக் கண்டால் மருத்துவர் என்கிறோம். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற அந்தச் சிவப்புத் தொப்பியைக் கண்டால், புதுச்சேரிக் காவலர் என்று வெளியூர்க்காரரும் அறிந்து கொள்கின்றனர். இவ்வாடைகள் யாவும் அணிந்திருப்பவர் செய்யும் பணியைப் பற்றிப் பேசுகின்றன. நீதிமன்றத்தில் வாதாடும் ஆணுக்கும் கருப்பு அங்கிதான். பெண்ணுக்கும் அதே கருப்பு அங்கிதான்.

வேறொரு வகை ஆடை விதியும் உண்டு. அது பணியைப் பற்றிப் பேசாது. பெண்ணின் உடலைப் பற்றியே பேசும். "நீ பெண்ணாய்ப் பிறந்தாய், ஆகவே இதையும் சேர்த்து உடுத்திக்கொள்" என்று ஆணையிடும். சீருடை என்ற பெயரில் இவ்விரு வகையையும் ஒன்றெனக் கருதுவதால் வரும் தீங்கைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

மேலங்கித் திட்டம்

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில், ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கிற்று. அதையடுத்து 2013 ஜனவரி முதல் வாரத்தில், பள்ளி மாணவியரின் பாதுகாப்புக்கென நம் புதுச்சேரி அரசு சில முடிவுகளை எடுத்தது. அந்நாளைய கல்வி அமைச்சர் தியாகராஜன் அவற்றை அறிவித்தார். மாணவியர்க்குத் தனிப் பேருந்து விடுவது ஒன்று. பள்ளிகளில் கைப்பேசியைத் தடை செய்வது மற்றொன்று. மூன்றாவது, மாணவியர் தம் சீருடைக்கு மேல் ஒரு மேலங்கி அணிய வேண்டும் என்பது. ஓவர்கோட் என்று நாம் சொல்கிறோமே, அதுதான்.

இச்செய்தி வெளிவந்ததும் எதிர்ப்பு எழுந்தது. பெண்கள் அமைப்பினர் கண்டித்தனர். நாடெங்கும் செய்தித்தாள்கள் நம் ஊரின் பெயரைச் சொல்லி விவாதித்தன. "தவறு செய்பவன் ஒருவன்; கோட்டு மாட்டிக்கொள்பவள் இன்னொருத்தியா?" என்பதே அந்த எதிர்ப்பின் சாரம்.

முடிவெடுத்தவர்கள் தீய எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று நான் கூறவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அஞ்சிக் கிடந்த நாட்கள் அவை. ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்பு இருந்திருக்கும். எண்ணம் நல்லதாயிருப்பினும் விதி என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணிடம், "உன்னைப் பிறர் துன்புறுத்துவதற்குக் காரணம் உன் மேனியிலேயே இருக்கிறது, அதை மூடிக்கொள்" என்று அந்த மேலங்கி ஒவ்வொரு காலையும் சொல்லும். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் பையனிடம் என்ன சொல்லும்? "நீ மாற வேண்டியது ஒன்றுமில்லை" என்று சொல்லும். இந்த இரண்டாவது பாடம்தான் முதலாவதைக் காட்டிலும் கொடியது.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "கோட்டு ஒரு கவசம் மாதிரி இருக்கட்டுமேடி, அதில் என்ன நஷ்டம்?" என்றாள் ஒரு தோழி. பாகூர்ப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் இன்னொருத்தி, "நீ டவுனிலேயே இருக்கிறாய். கூட்டத்தில் இடிக்கிறவன் கோட்டைப் பார்த்தா விலகிப் போவான்? எங்கள் ஊர்ப் பாட்டிமாரையே அவன் விடுவதில்லை" என்றாள். அதற்கு மேல் அங்கே பட்டிமன்றம் தேவைப்படவில்லை.

சித்திரை வெயிலில் புதுச்சேரியின் புழுக்கம் எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மின்விசிறி சுற்றாத வகுப்பறையில், துப்பட்டாவுக்கும் மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு தேர்வெழுதுவது யார்? பெண். ஏழைக் குடும்பத்தில் மகனுக்கு இரண்டு சீருடை போதும், மகளுக்கோ கோட்டும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றால், கூடுதல் செலவு யார் பெயரில் எழுதப்படும்? அதுவும் பெண் பெயரில்தான்.

ஒரே மாதம், மூன்று செய்திகள்

வரலாற்று மாணவி என்ற முறையில் 2013 ஜனவரி மாதம் எனக்கு வியப்பளிக்கிறது. அம்மாதத்தின் முதல் வாரத்தில் புதுச்சேரியில் மேலங்கி அறிவிப்பு. 23ஆம் நாள், டெல்லிக் கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு தன் அறிக்கையை அளித்தது. எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகளைப் பெற்று, 29 நாட்களில் பணியை முடித்த குழு அது. பெண்கள் தம் உடையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அக்குழு கூறவில்லை. சட்டத்தையும் காவல்துறையையும் மாற்றச் சொன்னது. அதன் பயனாகப் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதும், மறைந்திருந்து பார்ப்பதும் தனிக் குற்றங்களாயின. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை குற்றங்களாகவே தொடர்கின்றன.

மூன்றாவது செய்தி, ஒரு காலத்தில் நம்மை ஆண்ட பிரான்சிலிருந்து வந்தது. பாரிஸ் நகரில் பெண்கள் காற்சட்டை அணிய வேண்டுமானால் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்று 1800 நவம்பரில் ஓர் ஆணை பிறந்தது. பின்னர், குதிரையின் கடிவாளத்தையோ மிதிவண்டியின் கைப்பிடியையோ பிடித்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்! எவரும் பொருட்படுத்தாத பழங்கதையாகிவிட்ட போதிலும் அவ்வாணை ஏட்டில் கிடந்தது. அது செல்லாது என்று பிரான்சின் பெண்ணுரிமை அமைச்சர் எழுத்து மூலம் அறிவித்தது 2013 ஜனவரி 31 அன்று. அங்கே 212 ஆண்டுப் பழைய ஆடைக் கட்டளையைக் குப்பையில் போட்ட அதே மாதத்தில், இங்கே நாம் புதிய கட்டளை ஒன்றைத் தைக்க முனைந்தோம்.

இதனால் பிரான்சு முன்னேறிவிட்டது, நாம் பின்தங்கிவிட்டோம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2012 ஜூலையில், பிரான்சின் வீட்டு வசதி அமைச்சர் செசில் டுஃப்லோ பூப்போட்ட கவுன் அணிந்து நாடாளுமன்றத்தில் பேச எழுந்தார். ஆண் உறுப்பினர்கள் சிலர் கூச்சலிட்டனர், சீட்டியொலியும் எழுந்தது. அவரோ கலங்காமல் தம் உரையைத் தொடர்ந்தார். இதே அமைச்சர் சில வாரங்களுக்கு முன் அமைச்சரவைக் கூட்டத்துக்கு ஜீன்ஸ் அணிந்து சென்றபோது, மரியாதைக் குறைவு என்று குறை கூறினர். காற்சட்டை போட்டாலும் குற்றம், கவுன் போட்டாலும் குற்றம் என்றால், குற்றம் துணியில் இல்லை என்பது தெளிவன்றோ?

நம் தென்னாட்டு வரலாறும் இதையே மெய்ப்பிக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. அங்கே நாடார் குலப் பெண்கள் மார்பை மூடித் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1822 தொடங்கி 1859 வரை போராட வேண்டியிருந்தது. அன்று "மூடாதே" என்றார்கள். இன்று "மூடு, இன்னும் மூடு" என்கிறார்கள். சொற்கள் எதிரெதிரானவை, கட்டளையிடும் அதிகாரம் ஒன்றே.

வேட்டிக்கு ஒரு நீதி

ஆணின் ஆடைக்குத் தடை வந்தால் என்ன நடக்கும் என்பதையும் பக்கத்து மாநிலத்தில் கண்டோம். 2014 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்த காரணத்தால், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குள் விடப்படவில்லை. தமிழர் உள்ளம் கொதித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுப்பது குற்றம் என்று சட்டம் செய்தது. ஓராண்டுச் சிறை, 25,000 ரூபாய் அபராதம்! நான் அதை வரவேற்கிறேன். ஒருவனுடைய உடை காரணமாக அவனை வாசலில் நிறுத்துவது இழிவுதான்.

அந்த மான உணர்ச்சி பெண்ணுக்கும் உரியதல்லவா? 2019இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்க்கு வந்த ஆடை ஆணையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையும் பேண்ட்டும் அணியலாம்; வேட்டியும் கட்டலாம். பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். அதாவது ஆண் மேல்நாட்டு உடையில் வந்தால் அது அலுவலக உடை. பெண்ணுக்கு அந்த வழி திறக்கப்படவில்லை. பண்பாட்டைக் காக்கும் கடமையைப் பெண்ணின் தோளில் துப்பட்டாவாகப் போட்டுவிட்டு ஆண் கைவீசி நடக்கலாம் போலும்!

நம் யூனியன் பிரதேசத்தின் மாஹேயைச் சூழ்ந்திருக்கும் கேரளம் ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. கல்லூரி ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தலாகாது என 2021 நவம்பரில் அங்கே உயர்கல்வித் துறை தெளிவுபடுத்தியது. புடவை விரும்புவோர் புடவை கட்டலாம். சுடிதார் விரும்புவோர் சுடிதார் அணியலாம். இதனால் கேரளத்துக் கல்லூரிகள் எதுவும் இடிந்து விழவில்லை.

சட்டையும் பேசும்

"அப்படியானால் பணியிடத்தில் யார் எதை வேண்டுமானாலும் அணியலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண விண்வெளி வரை செல்லலாம்.

பத்தாண்டுப் பயணத்துக்குப் பின், 2014 நவம்பர் 12 அன்று, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கலம் ஒன்று முதன்முறையாக ஒரு வால்மீனின் மேல் இறங்கிற்று. மாபெரும் சாதனை! அன்று தொலைக்காட்சியில் பேசிய விஞ்ஞானி மாட் டெய்லர் அணிந்திருந்த சட்டை முழுவதும் அரைகுறை ஆடைப் பெண்களின் படங்கள். அறிவியல் துறைப் பெண்கள் பலர் மனம் வருந்திக் கண்டனம் தெரிவித்தனர். சில நாட்களிலேயே அவர் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். "வால்மீனை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்க்கிறார்களே!" என்று அவருக்காகப் பரிந்து பேசியோரும் பலர்.

அச்சட்டை ஒரு தோழி அன்போடு தைத்துக் கொடுத்தது. அவர் நெஞ்சில் வஞ்சம் இல்லை. எனவே அவரை ஓயாமல் இகழ்ந்தவர்களின் செயல் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், கண்டித்த பெண்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. விண்கலத்தைப் பார்க்கத் தொலைக்காட்சி முன் அமர்ந்த சிறுமியின் கண்ணில், அந்த மேடையில் பெண் எதுவாகத் தோன்றினாள்? விஞ்ஞானியாக அன்று, சட்டையில் அச்சிட்ட பொம்மையாக.

நம் ஊர் மேலங்கியும் அந்த விஞ்ஞானியின் சட்டையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை போல் தோன்றும். ஒன்று பெண்ணுடலை மறைக்கிறது, மற்றது காட்டுகிறது. ஆயினும் இரண்டும் அவளை முதலில் உடலாகவே காண்கின்றன. ஆகவே பணியிட ஆடைக்கு என் அளவுகோல் எளியது. இது அவர் செய்யும் வேலைக்குத் தேவையா? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயத்தில் அமைந்திருக்கிறதா? உடன் பணியாற்றுபவரை மதிக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவ்விதியை மகிழ்ந்து ஏற்போம். தொழிற்சாலையில் தலைமுடியைக் கட்டச் சொன்னால் கட்டுவோம். ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போடச் சொன்னால் போடுவோம். அந்தக் கோட்டை மாணவனும் அணிகிறான் அல்லவா?

வேண்டுவது எது?

நான் புடவையையோ தாவணியையோ பழிப்பவள் அல்லள். அடக்கத்தை இகழ்பவளும் அல்லள். பிறன் மனையாளை நோக்காதிருப்பதையே பேராண்மை என்று போற்றினார் வள்ளுவப் பெருந்தகை. அடக்கம் வேண்டியது பார்க்கும் கண்ணுக்கு என்பது அவர் வகுத்த நெறி. பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்து பெண் விடுதலை முழக்கம் செய்த மண் இது. பாரதிதாசன் பிறந்த மண்ணும் இதுவே. இம்மண்ணில் பெண்ணுக்குக் காவல் துணிக்கடையில் கிடைக்கும் என்று நம்புவது நமக்கு அழகாகாது.

காவல் வேறிடத்தில் இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லைகளைத் தடுக்க உச்சநீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது. 2013இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைமையில் ஒரு பெண் இருக்க வேண்டும். நேரு வீதிக் கடைகளுக்கும், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கும், பள்ளி கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். அக்குழு உறுப்பினர் பெயர்கள் எத்தனை அறிவிப்புப் பலகைகளில் காணப்படுகின்றன? பெண்ணின் உடை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதில் காட்டும் விரைவை, அந்தப் பெயர்களை எழுதுவதில் காட்டலாகாதா?

தோழியரே, தோழர்களே! நாளை நம்மில் சிலர் தலைமையாசிரியர் நாற்காலியில் அமரக்கூடும். சிலர் அலுவலக மேலாளர் ஆகக்கூடும். சிலர் சட்டமன்றத்துக்கும் செல்லக்கூடும். அன்று ஆடை விதி ஒன்றைக் கொண்டு வந்து உங்கள் முன் கையெழுத்துக்கு வைப்பார்கள். அதில் பெண்ணுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது ஏன்?" என்று கேளுங்கள். நேர்மையான விடை கிடைக்கும் வரை கையெழுத்திடாதீர்கள்.