ஆழியில் ஓர் அமானிதம்

திருக்கை என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவில் எழுவது அதன் வாலால் செய்த சாட்டையே. கடற்கரை ஊர்களில் ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கை என வழங்கப்பெறும் பெருமீனுக்கோ கொட்டும் முள் இல்லை. ஏழு மீட்டர் வரை விரியும் சிறகுகளை உடைய அவ்வுயிர் உண்பது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத்தான்!

பவளப்பாறைகளை அண்டி வாழ்வது ஓரினம், திறந்த கடலில் நெடுந்தொலைவு திரிவது மற்றோரினம் என 2009-இல் அறிவியலார் பிரித்துரைத்தனர். முன்னது மிகுதியாக வாழுமிடம் நம் அண்டை நாடாகிய மாலத்தீவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்நாட்டின் ஹனிஃபாரு விரிகுடாவில் நுண்ணுயிர்கள் வந்து தேங்க, அவற்றை உண்ணத் திருக்கைகள் கூட்டங் கூட்டமாய்த் திரள்கின்றன. வயிற்றுப் புள்ளிகள் நம் கைரேகை போல் வேறுபடுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங் காண இயல்கிறது. 2009-இல் அவ்விரிகுடா காப்பிடமாயிற்று. 2014-இல் நாடு முழுவதும் திருக்கையினம் அனைத்துக்கும் காப்பு அளிக்கப்பெற்றது. சுற்றுலா வருவாயும் இதற்குத் துணைநின்றது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இந்திய, இலங்கைக் கடல்களின் நிலை வேறு. இங்கே சூரை முதலியவற்றுக்கு விரித்த செவுள்வலையில் இம்மீன் சிக்குகிறது. உலர்த்திய அதன் செவுள் மருந்தென்னும் பெயரால் சீனத்துச் சந்தைக்குச் சென்றது. ஓராண்டளவு சூல்கொண்டு பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும் இனம் இவ்விழப்பை எங்ஙனம் தாங்கும்? 2013-இல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கை இதனைத் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் துறைமுகத்தைக் காக்கலாம். நடுக்கடலில் நள்ளிரவில் வலை இழுப்பவரை அது எட்டுவதில்லை.

கடலும் அதன் உயிர்களும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என நம்புவோர் நாம். ஆயின் அதனைப் பேணும் சுமை முழுவதையும் ஏழை மீனவர் தோளில் ஏற்றுவது அறமாகாது. அவர் இம்மீனைத் தேடி வலை விரிக்கவில்லை. அறிவிப்புகளில் 'மாண்டா' என்று மட்டும் எழுதினால் அவர் எதனை விடுவிப்பார்? 'கொம்புத் திருக்கை' என அவர்தம் சொல்லால் எழுதுக என்கிறோம். தமிழ்த்துறையார் செய்யத்தக்க பணி இது. நம் மாணவருள் கடலோரப் பிள்ளைகளும் உளர். அடுத்தது வலையின் விலை. காக்கப்பெற்ற கடலுயிர்களை வலையறுத்து விடுவிக்கும் மீனவர்க்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை மராட்டிய மாநிலம் 2018-இல் கொணர்ந்தது. கடலோர மாநிலங்கள் யாவும் அத்தகைய திட்டத்தில் கொம்புத் திருக்கையையும் பெயர் சுட்டிச் சேர்த்தல் வேண்டும். அத்தொகையும் வலை கிழிந்த திங்களிலேயே மீனவர் கைக்கு வந்து சேர வேண்டும்.