கோழி சுற்றுகிறது, தீ எரிகிறதா?

மாலை 6 மணி ஆனால் போதும். வடபழனி முதல் வண்ணாரப்பேட்டை வரை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி பளபளக்கிறது. உள்ளே கம்பி கம்பியாகக் கோழி சுற்றுகிறது. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், "மாஸ்டர், ஒரு ஆஃப் கிரில் பார்சல், குபூஸ் ரெண்டு" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

சுற்றுகிற கோழி சூடாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். அங்கேதான் கோளாறு!

கிரில் மிஷினில் கம்பியைச் சுற்றுவது கரன்ட் மோட்டார். வேகவைப்பது பின்பக்கம் சிவந்து எரியும் காஸ் பர்னர். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். கூட்டம் இல்லாத நேரத்தில் காஸை மிச்சம் பிடிக்க பர்னரை அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டால் யாருக்குத் தெரியும்? வெளியே விளக்கு வெளிச்சம். கோழி மினுமினு என்று சுற்றிக்கொண்டே இருக்கும்!

கோழிக்கறியின் உட்பக்கம், அதாவது தொடையின் தடித்த இடம், 74 டிகிரி சூட்டைத் தொட வேண்டும். வெந்த கறியை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அதற்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். மறுநாள் சுட வைத்தால் சரியாகிவிடும் என்பது தப்புக்கணக்கு. கிருமி செத்தாலும், சில கிருமிகள் கக்கிவிட்டுப் போன நஞ்சு சூட்டுக்கு அசையாது.

கரன்ட் போனால் வேறு வம்பு. மோட்டார் நின்றுவிடும், தீ எரியும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் எலும்போரம் ரத்தச் சிவப்பு. கருகியதைப் பார்த்து "நல்லா வெந்துருச்சு" என்று வெட்டிக் கட்டிவிடுவார்கள்.

இது வீண் பீதி இல்லை. 2022 மே மாதம் கேரளத்தில் காசர்கோடு பக்கம் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி பலி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி பலி. அதே ஓட்டலில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில். ஷவர்மாவும் இதே கம்பி, இதே காஸ் தீதான். நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. தொட்டுக்கொள்ளும் மயோனைஸ் மட்டும் லேசுப்பட்டதா? பச்சை முட்டை மயோனைசுக்கு தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. 19 கிலோ வணிக சிலிண்டர் விலை கையைக் கடிக்கிறது. சிலர் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைத் திருட்டுத்தனமாக மாட்டுகிறார்கள். அதுவும் நடைபாதையில், ஜனம் உரசிப் போகும் இடத்தில்! பிடிபட்டால் கேஸ், வெடித்தால்?

ஆனால் சூடு பார்க்கும் ஊசி மீட்டர் சுமார் ஒரு முழு கிரில் விலைக்கே கிடைக்கும். அதை வாங்கி மாஸ்டர் கையில் கொடுக்க என்ன தயக்கம்? பார்சலில் தயாரித்த நேரத்தை ஒட்டச் சொல்லி கேரளத்தில் 2023-லேயே உத்தரவு போட்டார்கள். இங்கேயும் ஒட்டட்டுமே.

வாங்குகிறவர்களும் வாயைத் திறக்க வேண்டும். "அண்ணே, பர்னர் எரியுதா? தொடையை வெட்டிக் காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கம் என்ன?

அதிகாரிகள் பகலில் சோதனைக்கு வந்தால் கம்பி காலியாகத்தான் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு ஷட்டர் இறங்கும்போது வரட்டும். கம்பியில் மிச்சம் நிற்கிற இரண்டு கோழி குப்பைக்குப் போகிறதா, ஃப்ரிட்ஜுக்குப் போகிறதா என்று அப்போது தெரியும்.