துவக்கு யார் பேருல, காணி யார் பேருல?

ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டம். லயத்துக்குப் பின்னால, ஓடைக்கு மேல, கால் ஏக்கர்கூட வராத ஒரு சரிவு. அதுல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனும் அண்ணியும் கரட், போஞ்சி, கெழங்கு போடுறாங்க. அண்ணி பகல் முழுக்க கொழுந்து எடுத்துட்டு வந்து, அதுக்குப் பிறகுதான் மண்வெட்டியைத் தூக்குவாங்க. அண்ணனுக்குக் கொழும்புல ஒரு கடையில வேலை, மாசத்துக்கு ஒருக்காதான் வருவார். பொங்கலுக்கு நாங்க போயிருந்தப்போ கெழங்குப் பாத்தி முழுக்கக் கிண்டிப் போட்டுக் கெடந்துச்சு. முதல் நாள் ராத்திரி காட்டுப்பன்னி இறங்கியிருக்கு.

"கையில ஒரு துவக்கு இருந்தா இப்படி நடக்குமா?"னு அண்ணன் கேட்டார்.

"நீங்க கொழும்புல இருப்பீங்க. துவக்கு வூட்டுல என்னோட இருக்கும். சட்டப்படி நான் அதைத் தொடலாமா?"னு அண்ணி திருப்பிக் கேட்டாங்க.

அண்ணன் பேசல. தேத்தண்ணி வந்துச்சு, பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. ஆனா கம்பஸுக்குத் திரும்பி வர்ற பஸ்ஸுல நாங்க நாலு பேரும் அண்ணி கேட்டதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

இலங்கையில துவக்கு என்பது கடைக்குப் போய், காசைக் குடுத்து, தூக்கிட்டு வர்ற சாமான் இல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னைக்கும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அந்தப் பத்திரத்தையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பயிரைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம் என்றால், அந்தப் பயிர் நிற்கிற காணிக்கும் நமக்கும் என்ன உரிமை என்று காட்ட வேண்டும். இதெல்லாம் கஷ்டமாத்தான் இருக்கணும். யுத்தத்தைப் பார்த்த நாடு இது. துவக்கு லேசாகக் கிடைக்க வேண்டும் என்று எழுத நாங்கள் வரவில்லை. அந்தக் கஷ்டம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

அண்ணன் ஒரு அலுவலகத்துல போய் விசாரிச்சாராம். முதல் கேள்வியே "காணி உறுதி இருக்கா?" என்பதுதான். ரெண்டாவது கேள்விக்கு வேலையே இருக்கல.

அந்தச் சரிவு யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பெருந்தோட்டக் காணி அரசாங்கத்துக்குப் போனது. 1992இலிருந்து அதை நிர்வகிப்பது கம்பெனிகள். அண்ணியின் பாட்டி காலத்திலிருந்து அந்தக் குடும்பம் அங்கே மண் கொத்துகிறது. ஆனால் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் கிடையாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது, மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரு முடிவு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் நீங்களும் அறிந்ததுதான். பிரஜையாக ஆன பிறகும் காணி வரவில்லை. 7 பேர்ச் என்ற பேச்சைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். 7 பேர்ச்சில் வீடு கட்டலாம், வாசலில் ரோசாச்செடி வைக்கலாம், கெழங்குக்கு எங்கே போவது?

ஆகவே பன்னிக்கு அந்தத் தோட்டம் தெரியும், சட்டத்துக்குத் தெரியாது. சொந்தக் காணி உள்ளவர் அதே பன்னிக்காக விண்ணப்பமாவது போடலாம். மலைநாட்டில் லீக்ஸும் கோவாவும் போடுகிற லயத்துக் குடும்பத்துக்கு விண்ணப்பப் படிவமே ஒரு பகிடி.

இனி அண்ணியின் கேள்விக்கு வருவோம். அனுமதிப்பத்திரம் ஒரு ஆளுடைய பெயரில்தான் வரும். புருஷன் பெயரில் வந்தால் துவக்கும் அவருடைய பொறுப்பு. அவர் கொழும்பில் இருக்கும்போது பன்னி வந்தால் அண்ணி டோர்ச் அடிக்கலாம், தகரம் தட்டலாம், அலுமாரியில் இருக்கிற துவக்கை எடுக்கக் கூடாது. பயிர் ரெண்டு பேருடையது, காவல் பெரும்பாலும் பொம்பளையுடையது, பத்திரம் மட்டும் ஆம்பளையுடையது.

இணையத்தில் அமெரிக்கத் தம்பதிகளின் புலம்பல்களையும் பார்க்கிறோம். அங்கே துப்பாக்கிக் கடையில் 4473 என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உண்மையில் வாங்குகிற ஆள் நீங்கள்தானா என்று அதில் கேட்கிறார்கள். புருஷன் பார்த்துத் தேர்ந்தெடுத்து, மனைவி கையெழுத்துப் போட வந்தால் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். அன்பளிப்பாக வாங்கிக் கொடுக்கலாம், இன்னொருவருக்குப் பதிலாக வாங்க முடியாது. 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாமாவுக்காக அவருடைய காசில் துப்பாக்கி வாங்கியவரைக் குற்றவாளி என்று உறுதி செய்தது. இரண்டு பேருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள்தான். இதைப் படித்துவிட்டு எங்களில் ஒருத்தி சொன்னாள்: "அங்க கடைக்காரன் நம்பலன்னு சண்டை. நமக்குக் கடை வாசலே தெரியாது."

சிரித்தோம். ஆனால் அந்தக் கடைக்காரரின் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜோடியாக வருகிறவர்களில் யாருக்கு வேண்டும், யார் கட்டாயத்தில் கையெழுத்து வைக்கிறார் என்று ஒருவராவது கேட்கத்தான் வேண்டும்.

கனடா இதை இன்னும் நேராகக் கேட்கிறது. துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறவர், இப்போது கூட வாழ்கிற துணையையும் கடந்த இரண்டு வருஷத்துக்குள் பிரிந்த துணையையும் பற்றிச் சொல்ல வேண்டும், அவர்களுடைய கையெழுத்தும் கேட்கப்படும். கையெழுத்து இல்லாவிட்டால் அந்தத் துணைக்கு அதிகாரிகள் விஷயத்தை அறிவிப்பார்கள். நியூசிலாந்தில் பொலிஸ் துணையிடம் தனியாகவே பேசும். "எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு பெண் சொல்வதற்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது.

இங்கே அந்த இடம் வேண்டாமா? சம்பள நாள் ராத்திரி லயத்தில் என்ன நடக்கும் என்று லயத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு சுவர்தான், பக்கத்துக் காம்பிராவில் விழுகிற அடி இந்தப் பக்கம் கேட்கும். அந்த வீட்டு அலுமாரியில் ஒரு துவக்கும் இருந்தால்? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதுதான். ஆனால் அதன் பாதுகாப்புக் கட்டளைக்கு ஒரு பெண் நீதவான் நீதிமன்றம் வரை போயாக வேண்டும். துவக்கு வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், வாசலிலேயே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே.

துவக்கு கிடைக்காததால் காடு அமைதியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் கதவு மூடியிருந்தால் ஆட்கள் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள், சில இடத்தில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். அதுக்குப் பன்னி எது, ஆள் எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தை ஒன்று பன்னிக்கு வைத்த கம்பியில் கழுத்து மாட்டிக்கொண்டது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. நாடே அழுதது. நாங்களும் ஸ்டேட்டஸ் போட்டோம். அந்தக் கம்பிக்குப் பின்னால் எத்தனை கெழங்குப் பாத்திகள் இருக்கின்றன என்று அப்போது நாங்கள் யாரும் எழுதவில்லை.

துவக்கு என்ற சொல்லுக்கு மலையகத்தில் ஒரு பழைய நினைவும் உண்டு. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் விழுந்தது பொலிஸ் சூட்டில். 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் விழுந்ததும் அப்படித்தான். சிவனு லட்சுமணன் நின்றது காணி பறிபோவதற்கு எதிரான போராட்டத்தில். துவக்கு எப்போதும் அடுத்த பக்கத்தில் இருந்தது, காணி எப்போதும் வேறு ஆளின் பெயரில் இருந்தது. அதனால்தான் "எங்களுக்கும் துவக்கு கொடு" என்பதோடு இந்தக் கோரிக்கையை முடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். லயத்துக் குடும்பம் பயிர் செய்கிற காணியை அளந்து எழுதுங்கள், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருடைய பெயரிலும் எழுதுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் வேலிக்கு உதவி கேட்கலாம், அழிந்த பயிருக்கு நட்டஈடு கேட்கலாம். துவக்கு கடைசி வழி. அதுக்கும் விண்ணப்பம் போகிற நாளில், வீட்டில் இருக்கிற மற்ற ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். பயிரைப் பார்ப்பது அவள்தான் என்றால் அவள் பெயரிலேயே விண்ணப்பம் போட முடிய வேண்டும்.

போன கிழமை அண்ணி கோல் எடுத்தாங்க. பழைய சேலைகளையும் தகர டப்பாக்களையும் கட்டி வேலி போட்டிருக்காங்களாம். காத்தடிச்சா டப்பா ஆடுது. "பன்னி வந்துச்சா, காத்தான்னு பார்க்க ராத்திரியில நாலு தடவை எழும்புறேன்பா. காலைல பெரட்டுக்குப் போறப்போ கண்ணெல்லாம் எரியுது"ன்னாங்க. பிறகு, கெழங்கு திரும்பவும் போட்டிருக்கறதா சொன்னாங்க.