ஐம்பது பேர் கல்யாணமும் போட்டோவும்

நமது நாட்டில் கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பதாகச் சொல்லிக் கொள்கிறோம். உண்மையில் பெரும்பாலும் எடுக்கப்படுவது பந்தலும், மேடை அலங்காரமும், வரிசையாக ஏறி வந்து பரிசுப் பொட்டலத்தை நீட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு விரையும் கூட்டமுமே. தாலி கட்டும் சமயத்திலோ, காமிராக்காரர்களின் முதுகைத் தவிர வேறெதையும் தரிசிக்கும் பாக்கியம் விருந்தினருக்குக் கிட்டுவதில்லை.

இந்த ஏற்பாட்டை 2020-ஆம் வருஷம் ஒரே நாளில் கலைத்து விட்டது. மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்காகப் பத்திரிகை அச்சிட்டு, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்திருந்த குடும்பங்கள் திகைத்துப் போயின. விவாகத்துக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று மே மாதத்தில் மத்திய சர்க்காரின் விதி வந்தது. ஜில்லா விட்டு ஜில்லா போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ஆகவே எத்தனையோ கல்யாணங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தேறின. பேசி வைத்திருந்த போட்டோக்காரர் வர இயலாத இடங்களில், மணப்பெண்ணின் சித்தப்பாவே கைபேசியைத் தூக்கிக் கொண்டு நிற்க நேர்ந்தது.

சிறு கல்யாணம் நமக்குப் புதிதன்று. மகாத்மாவின் குமாரர் தேவதாஸுக்கும், ராஜாஜியின் குமாரி லக்ஷ்மிக்கும் 1933 ஜூன் மாதம் பூனாவில் விவாகம் நடந்தது. மகாத்மா தமது 21 நாள் உபவாசத்தை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆடம்பரம் ஏதுமின்றி நடந்த அந்த மணத்தில் குறை இருந்ததாக யார் சொல்லத் துணிவார்கள்?

ஆயினும், “கல்யாணமே சிறிது, போட்டோவுக்கு என்ன அவசியம்? அப்படியே எடுத்தாலும் கூலியைக் குறைக்க வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமா என்று யோசிக்க வேண்டும். ஐந்நூறு பேர் ஐம்பது பேரானால் இலைக் கணக்கு பத்தில் ஒன்றாகும். ஆனால் மூன்று முடிச்சு மூன்று முடிச்சுத்தான். விடியற்காலையில் எழுந்து வரும் போட்டோக்காரரின் கவனமும் குறைவதற்கில்லை. கூட்டத்தில் ஒரு படம் தவறினால் மறைந்து போகும். ஐம்பது பேரில் ஒரு முகம் விடுபட்டால் பளிச்சென்று தெரியும்.

வேலையின் தன்மையும் வேறு. வீட்டுக் கூடத்தில் பெரிய விளக்குகளை நிறுத்த இடமிராது. ஜன்னல் அல்லது முற்றத்து வெளிச்சம் மணமக்களின் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி மணையைப் போடச் சொல்லி முன்னாளே ஏற்பாடு செய்வது நலம். ஜன்னல் வெளிச்சம் நன்றாயிருந்தால் குழல்விளக்கை அணைத்து விடலாம். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறமாகவும், மறு பாதி வேறு நிறமாகவும் தோன்றும். கெட்டிமேளம் முழங்கியபின் இடம் தேடி ஓடுவதில் பயனில்லை. சுவரோரமாக ஓரிடத்தை முன்பே தேர்ந்து, அட்சதை போடும் கைகளை மறைக்காமல் நிற்க வேண்டும். மணமகளின் தாயார் கண்ணைத் துடைத்துக் கொள்ளும் கணத்தை ஆயிரம் பேர் கூட்டத்தில் யார் கவனிப்பார்கள்? இங்கே அது எட்டும் தூரத்தில் இருக்கிறது.

பழைய வீடுகளின் சுவரில் ஒரு கல்யாணப் படம் தொங்கும். பெரியோர் நாற்காலியில், மற்றவர் பின்னால் நின்று, குழந்தைகள் தரையில் அமர்ந்து, குடும்பம் முழுவதும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியிருக்கும். 120 ரோல் பிலிமில் சதுரப் படமாக எடுத்தால் பன்னிரண்டே படங்கள். ஆகையால் ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்தார்கள். மண்டபக் கல்யாணத்தில் அத்தகைய படம் அசாத்தியம். ஐம்பது பேர் கல்யாணத்திலோ, வந்தவர் அனைவரையும் ஒரு படத்தில் நிறுத்தி விடலாம். இந்தப் பாக்கியத்தை நழுவ விடலாகாது.

வராதவர்களையும் மறக்கலாகாது. 2020 மார்ச்சில் நின்ற வெளிநாட்டுப் பயணி விமானங்கள், வழக்கமான முறையில் மீண்டும் பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27-ல்தான். மஸ்கட்டிலிருந்த தமையனும், சிங்கப்பூரிலிருந்த அத்தையும் கைபேசித் திரையில்தான் முகூர்த்தத்தைப் பார்த்தார்கள். செம்பின் மேல் சாய்த்து வைத்த கைபேசியையும், அதிலே தெரியும் முகத்தையும் சேர்த்து எடுத்தவரே விஷயம் தெரிந்த போட்டோக்காரர். அந்த வருஷங்களின் வியாதியில் மறைந்த பெரியவர்கள் சிலருக்கு, அதுவே பேரன் பேத்தி கல்யாணத்தில் இருந்ததற்கு அத்தாட்சியாக நிற்கிறது.

ஊரடங்கு போய்விட்டது, மண்டபங்களும் மறுபடி நிரம்பி விட்டன. ஆனால் மழை, வெள்ளம், நோய், துக்கம் என்று ஏற்பாடுகள் திடீரென மாறுவது நிற்கப் போவதில்லை. அப்படி நேர்ந்தால், போட்டோவை மட்டும் கணக்கிலிருந்து அடித்து விட வேண்டாம் என்பது நமது வேண்டுகோள். ஐம்பது படங்கள் போதும். அவற்றைக் கைபேசியிலேயே புதைத்து விடாமல் காகிதத்தில் அச்சிட்டு, முதல் பிரதியை வர முடியாமல் போனவருக்கு அனுப்புங்கள்.