அவசரத்தில் திறந்த வாசல்

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸனிடம், மறுபடி எழுத வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று ஒருமுறை கேட்டார்கள். 'கிரியேட்' என்பதில் விட்டுப்போன 'ஈ' எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம். புதுக் கோப்பு உருவாக்கும் அந்த அழைப்பு, கடைசி எழுத்து இல்லாமலேயே அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. லினக்ஸிலும் அதே எழுத்துப்பிழைதான். திருத்தினால், அதை நம்பி எழுதிய நிரல்கள் படுத்துவிடும்.

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை வாங்குவதற்கு ஒப்புக்கொண்ட முறையைத்தான் ஏபிஐ என்கிறார்கள். ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இந்த ஒப்பந்தம் ரொம்பக் கறார். புதுப் பதிப்பு வந்ததால் பழைய நிரல் ஓடாமல் போகக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் துளியும் இறங்கி வருவதில்லை. உள்ளே எந்தச் சுவரையும் இடித்துக் கட்டலாம்; வாசலில் மட்டும் கை வைக்க முடியாது. அப்படியானால் புது வாசலை எப்போது திறப்பது?

2007 ஜூலையில் வந்த 2.6.22 பதிப்பில் மூன்று புது அழைப்புகள் ஒன்றாக நுழைந்தன: சிக்னல்எஃப்டி, ஈவென்ட்எஃப்டி, டைமர்எஃப்டி. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை அப்போது பராமரித்துவந்த மைக்கேல் கெரிஸ்க், டைமர்எஃப்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது விஷயம் வெளியே வந்தது. கடிகாரத்தை முடுக்கலாம், இன்னும் எவ்வளவு நேரம் மீதி என்று கேட்க வழியில்லை. பழைய டைமர் அழைப்புகளில் அந்த வசதி இருந்தது! போதாததற்கு, அந்தப் பதிப்பில் அது ஒழுங்காக வேலையும் செய்யவில்லை. அடுத்த பதிப்பில் அதை முடக்கிவைத்தார்கள். 2008-இல் 2.6.25 பதிப்பில் மூன்று அழைப்புகளாகப் பிரித்து, புதிதாக வடிவமைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கூடப் பிறந்த மற்ற இரண்டும் தப்பித்தனவா என்றால், இல்லை. பிற்பாடு தேவைப்படும் விருப்பங்களைச் சொல்ல அவற்றில் இடமே விடவில்லை. அதே ஆண்டு 2.6.27-இல் சிக்னல்எஃப்டி4, ஈவென்ட்எஃப்டி2 என்று இன்னும் இரண்டு வாசல்களைத் திறக்க வேண்டிவந்தது. பழையவற்றை மூடவும் முடியாது. திருப்பியனுப்பப்பட்ட டைமர்எஃப்டியிலோ அந்த இடம் முன்கூட்டியே காலியாக விடப்பட்டிருந்ததால், புது விருப்பங்கள் அங்கேயே உட்கார்ந்துகொண்டன.

கையேடு எழுதுவதைக் கடைசி வேலையாகத் தள்ளிப்போடுவது நிரலாளர்களின் பொதுவான சுபாவம். இந்த அனுபவம் அதைத் தலைகீழாக்கச் சொல்கிறது. எழுதியவரைத் தவிர இன்னொருவர் அதை வைத்து உருப்படியாக ஒரு நிரல் எழுதி, கையேட்டையும் படித்துப் பார்த்து 'சரி' என்று சொல்லும்வரை ஏபிஐ உள்ளே வரக் கூடாது. கெர்னலில் புதுச் சேர்க்கைக்கான இரண்டு வாரச் சாளரம் மூடினாலும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மறுபடி திறக்கப்போகிறது.

சேர்த்தால்தானே ஆட்கள் பயன்படுத்துவார்கள், பயன்படுத்தினால்தானே குறை தெரியும் என்று வாதிடுவோர் உண்டு. நியாயம்தான். ஆனால் காத்திருப்பதால் எல்லாம் குடிமுழுகிப்போவதில்லை. நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாற உதவும் கேடிபஸ்ஸை 2015-இல் கெர்னலில் சேர்க்கக் கோரியபோது பெரும் சர்ச்சை எழுந்தது, கடைசிவரை சேர்க்கவில்லை. அந்த வேலையைக் கெர்னலுக்கு வெளியிலேயே திறம்படச் செய்யும் டிபஸ்-புரோக்கர் பிறகு வந்தது.

திறந்துவிட்ட வாசலின் கதை வேறு. பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கண்காணிக்க உதவும் 'இபோல்-கிரியேட்' அழைப்புக்கு ஓர் எண் தர வேண்டும். 2004-இல் வந்த 2.6.8 பதிப்பிலிருந்து கெர்னலுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் பூஜ்யம் கொடுத்தால், பிழை என்று திருப்பியனுப்பிவிடும்.