மேடை கட்டினோம், நடிகரைக் கேட்டோமா?

ஓர் அறையின் அமைப்பு உள்ளே இருப்பவரின் உயிரோடு விளையாடும் என்பதைச் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது; அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும்; பாய்ந்து வெளியேற வாசல்கள் வேண்டும். அர்ஜுனா நதி அணையை ஒட்டிய ஆனைக்குட்டம் வட்டாரத்தில் இதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பகலில் இப்படி நாலு நாலு பேராகப் பிரிந்து கிடக்கும் சனம், தோளோடு தோள் இடிக்க உட்காருவது பொங்கல் சாட்டிய கோயிலின் முன்னால், நாடகம் நடக்கும் இரவில்தான்.

அந்த இடத்தைத்தான் தென்மாவட்டங்கள் முழுக்கக் கெடுத்து வைத்திருக்கிறோம். தொகுதி மேம்பாட்டு நிதியிலும் உபயதாரர் பணத்திலும் எழுந்த 'கலையரங்க'ங்களைப் பாருங்கள். மூன்று பக்கமும் சுவர், தலைக்கு மேலே கான்கிரீட், நெற்றியில் திறந்துவைத்தவர் பெயர். மேடை நெஞ்சளவு உயரம். நடிகர் வந்துபோகத் தனி வழி பல இடங்களில் கிடையாது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மிளகாய் வற்றல் காயும், தாயம் உருளும். அதைக் குறை சொல்லவில்லை. குறை, மீதி நாளைப் பற்றியது.

அந்தக் கோயில் மேடைகளில் விடிய விடிய ஆடும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் வேறோர் ஊர். தனித்தனியாக அச்சாரம் வாங்கிக்கொண்டு வந்து, மேடையில்தான் சந்திப்பார்கள். அவர்களை ஒன்றாகக் கட்டிப்போடுவது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஆல்ரவுண்ட் என்ற தாளக்கருவிக்காரரும். எந்த அடியில் பாட்டு எடுப்பது, எங்கே தர்க்கத்தை முடிப்பது என்பதெல்லாம் கண்ணாலேயே பேசி முடிவாகும். அந்தப் பார்வையை மறைக்கிற ஒரு தூண் போதும், நாடகம் நொண்டியடிக்கும். பலகை மேடையில் சலங்கைக் கால் விழுந்தால் பலகையும் சேர்ந்து பேசும். சிமென்ட் தரை அடியை விழுங்கிவிட்டு முழங்கால் வலியைத் திருப்பித் தரும்.

இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை மேடைக்கு அளவே தருகிறது: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம், தரைப் பலகைக்கும் மேற்பலகைக்கும் இடையே நாலு கோல். கோல் என்பது இருபத்துநான்கு பெருவிரல் அளவு, ஏறத்தாழ இரண்டடி. ஆக, மேடை தரையிலிருந்து இரண்டடிதான். பாயில் உட்கார்ந்திருப்பவர் கழுத்தை ஒடிக்காமல் பார்க்கலாம். புகவும் வெளியேறவும் வாசல் இரண்டு. தூணின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கு. மூன்று வகைத் திரை. கட்டியவரும் ஆடியவரும் பேசிக்கொண்ட காலத்து மேடை அது என்பது அளவிலேயே தெரிகிறது.

கட்டடம் குரலையும் செய்யும். மைக் இல்லாத நாளில் கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசைவரை வசனமும் பாட்டும் போயாக வேண்டும். நாடக மேடைப் பாடகர்கள் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்சஸ்தாயியில் நின்று பாடியதற்கு ரசனை பாதி காரணம் என்றால், எதிரொலி தராத அந்தக் கீற்று மீதி. பிறகு குழாய் ஒலிபெருக்கி வந்தது, ஊரே அரங்கமானது. மொட்டை மாடியில் படுத்திருக்கும் கிழவி, வள்ளி தினைப்புனம் காக்கும் பாட்டை வானத்தைப் பார்த்தபடி கேட்டாள். ஒலி மாசு விதிகள், 2000 வந்தபின் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. விழா நாட்களில், ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். நாடகம் தொடங்குவதே பத்து மணிக்கு! சுவரில்லாத கலைக்குச் சுவருள்ள கலையின் கடிகாரத்தை மாட்டினால் இப்படித்தான்.

ஜெர்மனியின் பைராய்த்தில் இசையமைப்பாளர் வாக்னர் 1876இல் திறந்த அரங்கில் பார்வையாளர் பக்கம் இருட்டாக்கப்பட்டது. நம் ஊரில் டியூப்லைட் எல்லோர் தலையிலும் எரியும். முன்வரிசையில் தூங்கும் பெரியப்பாவைப் பபூன் பெயர் சொல்லி எழுப்புவார். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், நடுவே கோயில் வாசல்வரை நீளும் வெளி. அம்மனும் பார்க்க வேண்டும் என்பதால்தான் பல ஊர்களில் மேடை சன்னதியைப் பார்த்து நிற்கும். இடம் கிடைத்த பக்கம் மேடையைத் திருப்பிக் கட்டினால் அம்மனுக்கு முதுகுதான் தெரியும்.

அந்த வெளியின் பலத்தைத் தெரிந்து வைத்திருந்தவர் சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ். வள்ளி திருமணம் நாடகத்தில் பயிரைத் தின்ன வரும் கொக்கை விரட்டும் பாட்டு, அவர் வாயில் வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டானது. வள்ளி தினைப்புனம் காக்கும் பரண் என்ற நாலு கம்பும் ஒரு பலகையும் அரசியல் மேடையாயிற்று. பொதுக்கூட்டத்தைத் தடுக்கலாம், வேலன் வேஷத்தில் வந்து பாடுபவரை என்ன செய்வது? கைது செய்தார்கள், பலமுறை. வெளியே வந்து மறுபடி பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடும்போதே அவர் உயிர் பிரிந்தது. அவரை நினைத்துச் சிவகாசிப் பக்கம் மேடை கட்டுவதென்றால் முதலில் பரண் நிற்கும் உயரத்துக்குக் கூரையை விடுங்கள்.

சொல்லக் கூச்சமான, ஆனால் முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: ஸ்திரீபார்ட்டும் டான்ஸ் ஆடும் பெண்ணும் வேஷம் கட்டவும் சேலை மாற்றவும் கதவு உள்ள ஓர் அறை வேண்டும். விடிய விடிய ஆடுகிறவருக்குக் கழிப்பறை வேண்டும். தென்னங்கீற்றுத் தட்டியும் இருட்டும்தான் இன்றும் பல ஊர்களில் அவர்களுக்கு வாய்க்கிறது. மேடையில் அவர்களைக் கொண்டாடிவிட்டு, மேடைக்குப் பின்னால் இரண்டு சுவரைச் சேர்த்து எழுப்ப மறந்த ஊர், அந்தக் கட்டடத்துக்குக் கலையரங்கம் என்று பெயர் வைத்திருக்கக் கூடாது.

ஊராட்சித் தலைவர்களே, பொறியாளர்களே: அடுத்த கலையரங்கத்துக்கு மதிப்பீடு போடும் முன் மதுரை நாடக நடிகர் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஓர் ஆர்மோனியக்காரரையும் ஒரு ஸ்திரீபார்ட்டையும் பஸ் செலவு கொடுத்து வரவழைத்து, காலி மனையில் நிறுத்திக் கேளுங்கள். அதற்குப் பிறகு வானம் தோண்டுங்கள்.