மைலேஜ் மட்டும் போதுமா?

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பின் மீது மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ உள்ளிட்ட ஐந்துக்கும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஃபோக்ஸ்வேகன் மட்டும், காற்றுப்பை இல்லாத போலோ விற்பனையை உடனே நிறுத்தியது. மற்றவர்கள் பக்கமிருந்து அப்போது வந்தவை பெரும்பாலும் சாக்குப்போக்குகளே. இந்தியர் பாதுகாப்புக்குக் காசு தரமாட்டார் என்பது அன்றைய சந்தையின் வேதவாக்கு.

நானோவைத் தயாரித்த அதே டாடாவின் நெக்ஸான், 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் ஆனது. விளம்பரங்களில் மைலேஜுக்குப் பக்கத்தில் நட்சத்திரங்களும் இடம்பிடித்தன. மாமனார் பார்த்து வாங்கித்தரும் காரிலும் "எத்தனை ஸ்டார்?" என்று மருமகன் கேட்கும் காலம் வந்தது! நம்பிக்கை கைமாறுவதைக் கண்ட மாருதியும் விழித்துக்கொண்டது. 2024இல் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால், சோதனைக்கு வருவது நிறுவனத்தின் விருப்பம். தேறாது என்று தெரிந்த வண்டியை எந்த நிறுவனம் அனுப்பும்? சோதனையைக் கட்டாயமாக்கி, முடிவை ஷோரூமில் விலைப்பட்டியலுக்கு அருகிலேயே ஒட்டவைக்க மத்திய அரசு உத்தரவிட வேண்டும்.